மூன்றாம் பாட்டின் மெட்டு

ஸ்வீட்டி ஜெபமணியின் பெயரும் குரலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. குரல், தகரக் கூரைமேல் சல்லிக்கல் சரிவது போன்றது. சித்தூரில் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவள், வயது முப்பத்தேழு. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறாள். திருச்சானூரில், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு மாடி வீட்டில் தனியே குடியிருக்கிறாள். பகல் முழுதும் நோயாளிகளிடம் "மூச்ச அடக்கிக்கோங்க, அசையாதீங்க" என்று தணிந்து சொல்லும் அதே வாய்தான், பதினைந்து ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் கல்லூரி மேடைகளில் ராக் பாடியது.

தொழில் அவள் சுபாவத்துக்கு ஏற்றதே. எலும்பில் கீறல் இருக்கிறதா என்று தேடுவது அந்தத் தொழில். கீறல் இல்லாத படத்தைக் கண்டால் அவள் திருப்தி அடைவதில்லை. கோணம் சரியில்லையோ என்று இன்னொரு படம் எடுப்பாள்.

அவள் பாடிய குழுவின் பெயர் 'நாலு ரோடு'. அதைத் தொடங்கியவன் சைமன். அவனும் எங்கள் சபைதான். அவளைவிட ஒரு வயது மூத்தவன். இருவரும் சிறு வயதில் எங்கள் பாடகர் குழுவில் பாடியவர்கள். அவன் பிழைப்பு, லாட்ஜுகளிலும் கடைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது. குழுவில் கிட்டார் வாசிப்பான். டிரம்ஸ் வாசித்தவனும் பேஸ் கிட்டார் வாசித்தவனும் சைமன் சொன்னபடி நடந்தவர்கள். இந்த வரலாற்றில் அவர்களுக்கு வேலை இல்லை.

ஸ்வீட்டியிடமும் சைமனிடமும் தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களையே எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அதை அங்கேயே குறித்திருக்கிறேன்.

'நாலு ரோடு' தெலுங்கில் மட்டுமே பாடும். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் தெலுங்கில் பாடுவது எங்கள் ஊரில் அதிசயமல்ல. பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், கடைத்தெரு எல்லாம் தெலுங்கு. ஆனால் ஸ்வீட்டிக்கு, வீட்டில் தன் அப்பாவோடு பேசுகிற தமிழிலேயே ராக் பாட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு ஜூன் மாதம், திருச்சானூர் சாலையில் குடிநீர் சுத்திகரிக்கும் கூடத்துக்கு மேலே இருந்த அவர்களுடைய பயிற்சி அறையில், அதைச் சைமனிடம் சொன்னாள். ஏழு பாட்டு, குழுவின் பெயர் இல்லாமல், தன் பெயரில் மட்டும் ஓர் ஆல்பம்.

"தமிழ்லயா? யாரு கேப்பாங்க?" என்றான் சைமன்.

"நான் கேப்பேன்."

"சரே. ஒரு ஆளுக்கு ஒரு ஆல்பம். இன்னா வோணும் எங்கிட்ட?"

"ஒண்ணும் வாணாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ரூல் ஞாபகம் கீதில்ல?"

குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. பயிற்சி அறையில் பிறந்த மெட்டு நால்வருக்கும் சொந்தம். அறைக்கு வெளியே பிறந்தது, பெற்றவருக்கு மட்டும் சொந்தம். எழுதி வைக்கவில்லை, ஆனால் பதினைந்து ஆண்டுகள் யாரும் மீறவில்லை. ஞாபகம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் தடை சொல்லாமல் சிரித்து அனுப்பிவைத்தான். படி இறங்கும்போதே அவளுக்கு அது உறுத்தியது. சண்டை போடுவான் என்று தயாராகப் போயிருந்தாள். சண்டை போடாதவன் மனத்தில் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் சலீம் என்பவர் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆல்பம் உருவானது. ஜூலையும் ஆகஸ்டும் அதில் போயின. ஏழு பாட்டில் மூன்றாவதுதான் அவளுக்கு உயிர். அதன் தொடக்கம் இது:

எங்க போய்க்கினு கீற
எவன் வரச் சொன்னான்
கதவு தொறந்து தான் கீது
காலு தான் வரல

சலீமுக்கும் அந்தப் பாட்டே பிடித்திருந்தது. "மூணாவது லைன்ல டியூன் மேல போவணும்க்கா. எல்லாரும் அங்க ஏத்துவாங்க. நீங்க ஏத்தாம அங்கயே நின்னு கீழ இறக்கறீங்க பாருங்க, அதான் ஆளப் புடிச்சு இழுக்குது," என்றார். அதை எப்படி யோசித்தீர்கள் என்றும் கேட்டார். யோசிக்கவில்லை, தானாக வந்தது என்றாள். அது உண்மை.

ஆகஸ்டு கடைசி வாரம் ஒரு நாள் மாலை, தான் விட்டுப்போன ஒரு கேபிளை எடுக்கச் சைமன் அந்தக் கூடத்துக்கு வந்தான். உள்ளே மூன்றாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவன் மற்றதைக் கழற்றாமல் நின்றுவிட்டான்.

"இது என் டியூனாச்சே," என்றான்.

ஸ்வீட்டி திரும்பிப் பார்த்தாள். "இன்னா சொன்ன?"

"என் டியூனு. பலமனேர்ல வேன்ல வாசிச்சேன். நீ பக்கத்துல தான் இருந்த."

"இது என் வூட்டு சமையக்கட்டுல வந்தது பா. ஆறு வருசமா முனகிக்கினு கீறேன்."

"ஆறு வருசமா முனகினத ஒரு நாளாவது ரூம்ல பாடினியா? ஏன் பாடல?"

"நீ இப்படி சொல்லுவன்னு தான்."

அவன் கேபிளை எடுக்காமலே போய்விட்டான். கேபிளுக்காக வந்தவன் கேபிளை விட்டுப் போனதை ஸ்வீட்டி கவனித்துக்கொண்டாள். அப்படியானால் கேபிளுக்காக வரவில்லை. அப்படியானால், இன்ன நேரத்தில் இன்ன பாட்டு ஓடும் என்று யார் சொன்னது? சலீமைப் பார்த்தாள். அவர் ஒலிப்பலகையில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அன்று முதல் பாட்டுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கூடத்தில் விட்டுவைக்காமல், சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து எடுத்துப் போகத் தொடங்கினாள். மருத்துவமனையில் கதிர்வீச்சு அறையின் கனத்த கதவுக்குப் பின்னால் அந்தப் பை தொங்கும்.

இரண்டு நாள் கழித்துச் சைமன் தன் கைபேசியிலிருந்து ஓர் ஒலிப்பதிவை அனுப்பினான். 2019 ஆகஸ்டில் பெங்களூரில் பாடிவிட்டுத் திரும்பும்போது பலமனேர் காய்கறிச் சந்தை அருகே வேன் நின்றிருக்கிறது. சைமன் வேனுக்குள் கிட்டாரை மீட்டியபடி மெட்டை முனகுகிறான். வெளியே ஸ்வீட்டி தக்காளி பேரம் பேசுகிறாள். "இன்னாய்யா, பாதி சொத்தையா கீது," என்று வியாபாரியிடம் சொல்கிறாள். பிறகு அவள் குரலும் அந்த முனகலோடு சேர்ந்துகொள்கிறது. மூன்றாம் பாட்டின் மெட்டேதான், சந்தேகமில்லை.

அவள் அதைச் சலீமிடம் கொண்டுபோனாள். "இது எப்ப எடுத்ததுன்னு சரியா சொல்ல முடியுமா?"

"ஃபைல்ல தேதி கீதுக்கா. ஆனா காப்பி பண்ணா தேதி மாறிடும். மாத்தணும்னு நெனச்சாலும் மாத்தலாம்."

"அவன் கேமரா மாட்டறவன். அவனுக்குத் தேதி மாத்தத் தெரியும்."

சலீம் மறுபடி ஓட்டிக் கேட்டார். மூன்று முறை கேட்டபின், "ஒண்ணு சொல்லட்டுமாக்கா? சைமன் அண்ணன் மொத லைன் தான் முனகறார். ரெண்டாவது லைன் நீங்க தான் மொதல்ல எடுக்கறீங்க. அவர் அத இன்னும் பாடவே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

ஸ்வீட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. தன்னுடைய மெட்டு என்பதால்தான் அடுத்த வரி தனக்குத் தெரிந்திருக்கிறது. சைமனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அதையே திருப்பிப் போட்டான்.

"அதுக்கு முன்னாலயே நான் வாசிச்சு நீ கேட்டுக்கீற. அதான் தெரிஞ்சுது."

"சரி, நீ சொல்றதே வெச்சுப்போம். வேன் ரூம் இல்ல. நாலு பேருக்கும் சொந்தம் கெடையாது."

"ரூம் இல்ல தான். அப்ப எனக்கு மட்டும் சொந்தம். இன்னும் நல்லதாப் போச்சு," என்றான். பிறகு குரலை இறக்கி, "ஸ்வீட்டி, டிசம்பர் ஒண்ணாந்தேதி ஆல்பத்த நெட்ல போடறேன்னு சொல்லிக்கினு கீற. அந்தப் பாட்டோட போட்டா நான் கம்ப்ளெயின்ட் வெப்பேன். சைட்காரங்க பாட்ட எடுத்துருவாங்க. அப்பால திருப்பதில ஒருத்தன் உனக்கு வாசிக்க வரமாட்டான். திருடினவள்னு சொல்லுவாங்க," என்றான்.

அவள் பயந்தது அந்தக் கடைசிச் சொல்லுக்கே. மூன்றாம் பாட்டை எடுத்துவிட்டு ஆறு பாட்டோடு வெளியிட வழி இருந்தது. ஆனால் எடுத்தால் ஒப்புக்கொண்டதாகும், வைத்தால் திருடியதாகும். பதினைந்து ஆண்டு பிறர் பெயருக்குக் கீழே பாடியவள், முதன்முதலாகத் தன் பெயரில் பாடும்போதே அந்தப் பெயர் கெட்டுவிடும்.

செப்டம்பரில் சித்தூருக்கு வந்தபோது, அப்பா ஜெபமணிக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். அவர் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். ராக் என்றால் காதைப் பொத்திக்கொள்பவர். அன்று பொத்தவில்லை.

"எங்கயோ கேட்டாப்புல கீதே," என்றார்.

"எங்க நைனா? சைமன் இங்க வந்தானா?"

"அவன் எதுக்கு வரான்."

"நல்லா யோசிச்சு சொல்லு. கிட்டார் எடுத்துகினு வந்தானா? வேற யாராச்சும் போன்ல போட்டுக் காட்டினாங்களா?"

"யாரும் வரல மா. காது சொல்லுது, அவ்ளோ தான்."

அவள் நம்பவில்லை. தனக்கு முன்பே சைமன் ஊரெல்லாம் அந்த மெட்டை வாசித்துக் காட்டிச் சாட்சி சேர்க்கிறான் என்று முடிவு செய்தாள். சைமனும் சும்மா இருக்கவில்லை. தன் பழைய நோட்டுகளைப் புரட்டினான். அவள் முன்னொரு நாள் பயிற்சி அறையில் தன் கைபேசியை வைத்துவிட்டுப் போனது, ஒட்டுக் கேட்கவா என்று யோசித்தான். இதை அவனே என்னிடம் சொன்னான், வெட்கப்பட்டுக்கொண்டே.

எங்கள் சபையில் நவம்பர் முதல் ஞாயிறு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. அதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் பாடகர் குழுத் தலைவர் பிரகாசம், ஸ்வீட்டிக்குப் போன் செய்தார். ஆல்டோ பாட ஆள் குறைவு. மூன்று பேர்தான் இருக்கிறார்கள். வர முடியுமா என்றார்.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பாடகர் குழு நான்கு குரலில் பாடும். மேல்குரலாகிய சொப்ரானோவுக்குத்தான் மெட்டு. ஆல்டோ, டெனர், பேஸ் ஆகிய மற்ற மூன்றும் அதற்குக் கீழே வேறு வேறு வழியில் நடக்கும். ஆராதனைக்கு வருபவர்கள் மெட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஆல்டோ என்ன பாடியது என்று ஆல்டோவில் நின்றவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பிரகாசம் இம்முறை, ஞானாபரணம் மாஸ்டர் இயற்றிய 'கதிர்க்கட்டு' என்னும் கீதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஞானாபரணம் முன்னாள் தலைவர். 1998இல் அதை எங்கள் பண்டிகைக்காகவே எழுதினார். அச்சேறாதது, வேறு எந்தச் சபையும் அறியாதது. 2003இல் அவர் இறந்தபின் தாள்கள் பெட்டிக்குள் போயின; யாரும் பாடவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் ஸ்வீட்டி வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, அதற்குள் டிஸ்க். பயிற்சி முறை அன்றும் இன்றும் ஒன்றே. முதலில் நான்கு குரலும் நான்கு இடங்களில் தனித்தனியே பழகும், பிறகு ஒன்றாகும். ஆல்டோ மணிக்கூண்டுக்குக் கீழே. கையில் கொடுத்த தாளில் சொற்களுக்கு மேலே டானிக் சோல்ஃபா என்னும் சுர எழுத்துகள். சிறு வயதில் படித்த எழுத்து மறக்காது. அவள் மற்ற மூவரோடு சேர்ந்து பாடினாள்.

மீ மீ ஃபா மீ, ரே ரே மீ டோ.

முதல் வரியில் ஏதோ பழக்கமாக இருந்தது. இரண்டாம் வரியில் தாளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே வாய் போயிற்று. மூன்றாம் வரியில், ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நின்று இறங்கியது. அவள் பாட்டில் 'கதவு தொறந்து தான் கீது' என்று வரும் இடம் அது. அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னாக்கா, தொண்டையா?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"இல்ல. நீங்க பாடுங்க."

அவளுக்கு முதலில் தோன்றியது, சைமன் இங்கேயும் வந்து ஏதோ செய்துவிட்டான் என்பதே. பிரகாசத்தின் மேலும் ஒரு கணம் சந்தேகம் விழுந்ததாம். இருபத்தொரு ஆண்டு பெட்டியில் கிடந்த பாட்டு சரியாக இந்த ஆண்டு ஏன் வெளியே வர வேண்டும்? பிறகு நான்கு குரலும் சேர்ந்து பாடின. மூன்றாம் வரியில் ஆல்டோ நின்று இறங்கும்போது, அதற்கு மேலே சொப்ரானோ ஏறியது. சலீம் சொன்னாரே, எல்லாரும் அங்கே ஏற்றுவார்கள் என்று; ஏற்றுவது மேல்குரலின் வேலை. அவள் வேலை கீழே நிற்பது. பதினொரு வயதிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறாள்.

தாளைத் திரும்பப் பார்த்தாள். ஞானாபரணம் மாஸ்டர் காலத்தில் சைக்ளோஸ்டைல் என்னும் உருட்டச்சில் எடுத்த தாள்கள் போதாமல் ஒரு தாளுக்கு இருவர் நிற்பார்கள். யார் யார் என்று அவரே தாளின் தலையில் சிவப்பு மையில் எழுதிவிடுவார். அவள் கையிலிருந்த தாளில் வேறு பெயர்கள். மற்ற தாள்களை வாங்கிப் பார்த்தாள். நான்காவது தாளில் இருந்தது: 'சைமன் – ஸ்வீட்டி'. குரல் உடையாத பையன்களை மாஸ்டர் ஆல்டோவில்தான் நிறுத்துவார். சைமனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு அறுப்புக் காலம் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியைப் பாடியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தாள். பிரகாசத்திடம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மட்டும் கேட்டாள். "நைனா, சர்ச்சுல நீ எங்க ஒக்காருவ?"

"எடது பக்கம், மூணாவது பெஞ்சு. எப்பவும் அதான்."

"ஆல்டோவுக்குப் பின்னால."

"பின்னால இன்னா, முதுகத் தொடற தூரம். பாஸ்டர் ஐயர் பிரசங்கத்த வுட ஒங்க சத்தம் தான் காதுல இருக்கும்," என்றார் ஜெபமணி. பிறகு, "அட, அதானா அது," என்றார்.

சும்மா இருந்துவிட வழி இருந்தது. பண்டிகை முடிந்தால் தாள்கள் பெட்டிக்குப் போய்விடும். உடன் பாடிய மூவருக்கும் அவளுடைய பாட்டுத் தெரியாது. அப்பா சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் கீதத்துக்கு ஆறு ஆல்டோ தாள்கள் இருந்தன. அவற்றில் ஒன்று என்றைக்கோ ஒருவர் கையில் கிடைக்கும். மேடையில் நிற்கும்போதெல்லாம் கூட்டத்தில் அந்த ஒருவரைத் தேடிக்கொண்டே பாட வேண்டும். அப்படிப் பாட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. நேர்மையா, சந்தேகமா என்று நான் கேட்டேன். சந்தேகம்தான் என்றாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சைமன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் உட்கார்ந்து கேமரா ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். வணக்கம் சொல்லாமல் தாளை நீட்டினாள். தலைப்பை மட்டும் உள்பக்கம் மடித்திருந்தாள்.

"இத பாடு. ஆல்டோ."

"இன்னா மே, கொயர் டெஸ்டா?"

"பாடு பா."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு பாடினான். ஒரு வரி, அடுத்த வரி. மூன்றாம் வரியின் நடுவில் நின்றான். தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். மூலையில் குண்டூசி குத்திய இடத்துத் துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"எங்க அடிச்ச இத?" என்றான்.

"இன்னாது?"

"பழைய தாள் கெடைக்குது. துரு வெக்கலாம். டீத் தண்ணில நனைச்சாப் பழுப்பாப் பூடும். உருட்டற மிஷின் எவங்கிட்ட புடிச்ச?"

"சைமன், உன் மூளைல கேமராவத் தவர ஒண்ணும் இல்ல," என்று சொல்லி ஸ்வீட்டி மடிப்பைப் பிரித்தாள்.

சிவப்பு மை. 'சைமன் – ஸ்வீட்டி'. ஞானாபரணம் மாஸ்டரின் கையெழுத்தை எங்கள் சபையில் எவரும் போலியாக எழுத முடியாது. 'ஸ்' என்ற எழுத்தின் புள்ளியை அவர் வட்டமாகச் சுழிப்பார். சைமன் அந்தச் சுழியை வெகுநேரம் பார்த்தான்.

"கைல குச்சியால தட்டுவாரு," என்றான் கடைசியில்.

"உன்ன தான் தட்டுவாரு. நீ தான் தாள உன் பக்கம் இழுப்ப."

"அப்பவே நீ அத சொல்லிச் சொல்லி மாட்டி வுடுவ."

இனி வருவது ஒத்துப்போகாத இடம். மன்னிப்பை முதலில் கேட்டது சைமன் என்று ஸ்வீட்டி சொல்கிறாள். ஸ்வீட்டி என்று சைமன் சொல்கிறான். சைமன் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் கேட்கவில்லை, காபிதான் கேட்டார்கள் என்கிறார்.

கம்ப்ளெயின்ட் இல்லை என்று சைமன் சொன்னான். ஆனால் மெட்டு இப்போது இருவருக்கும் சொந்தமில்லை. ஞானாபரணத்துக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவியும் காலமாகிவிட்டார். ஆகவே ஸ்வீட்டி சபைக் கமிட்டிக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினாள். கமிட்டி அதற்கென்று ஒருமுறை கூடியது. கர்த்தருக்கு எழுதிய கீதத்தை ராக்கில் பாடுவதா என்று ஒருவர் கேட்டார். "ஐயா, சொப்ரானோ உங்களுக்கே இருக்கட்டும். நான் ஆல்டோவ மட்டும் தான் கேக்கறேன்," என்றாள் ஸ்வீட்டி. இதில் வேறு ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று இன்னொருவர் ஐயப்பட்டார். ஒரு மணி நேரம் கழித்து, மெட்டு அமைத்தவர் பெயர் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தந்தார்கள்.

பண்டிகை ஞாயிறன்று பூசணிக்காயும் நெற்கட்டும் கோழிகளும் பீடத்தின் முன் குவிந்திருக்க, 'கதிர்க்கட்டு' பாடப்பட்டது. ஸ்வீட்டி ஆல்டோவில் நின்றாள். சைமன் பேஸ் வரிசையில் நின்றான். கண் தாளில் இல்லை, ஆல்டோ பக்கமே இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஜெபமணி பக்கத்தில் இருந்தவரின் விலாவில் இடித்து, எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

இத்துடன் முடிந்தது என்றே நானும் நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஸ்வீட்டி பிரகாசத்திடம் வந்து, பாட்டுப் பெட்டியின் சாவியைக் கேட்டாள்.

"எதுக்கு மா?"

"இன்னும் ஆறு பாட்டு கீதுண்ணே."

ஒரு மெட்டு இப்படி வந்திருந்தால் மற்ற ஆறும் எங்கிருந்து வந்தன என்பது அவள் கேள்வி. நான்கு சனிக்கிழமை, பிற்பகல் முழுதும், பாடகர் குழுவின் அறையில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியிலிருந்த ஒவ்வொரு தாளின் ஆல்டோ வரியையும் பாடிப் பார்த்தாள். திருப்தி ஏற்படாமல் டெனரையும் பேஸையும் பார்த்தாள். நவம்பர் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கடைசித் தாளை வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். ஆறும் அவளுடையவையே. அங்கிருந்தே சலீமுக்குப் போன் செய்து, ஆல்பத்தை அனுப்பச் சொன்னாள்.

டிசம்பர் முதல் தேதி அது வெளிவந்தது. பெயர், 'தொறந்து தான் கீது'. பாடியவர் ஸ்வீட்டி ஜெபமணி. மூன்றாம் பாட்டின் கீழே, மெட்டு: ஞானாபரணம், சித்தூர் என்று இருக்கிறது. மற்ற ஆறின் கீழே அவள் பெயர். கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இல்லை. நகரி, புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், தங்கள் வீட்டுப் பேச்சை ராக்கில் கேட்டதாக எழுதினார்கள். கல்லூரிகள் இரண்டு அவளைத் தனியாகப் பாட அழைத்திருக்கின்றன. முதலாவதில் மூன்றாம் பாட்டைப் பாடும்போது கூட்டத்தில் யாரையும் தேடவில்லை என்றாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் சைமன் வந்து அதே சாவியைக் கேட்டான். 'நாலு ரோடு' இதுவரை வெளியிட்ட தெலுங்குப் பாட்டு இருபத்திரண்டு. பிரகாசம் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இவர்கள் இருவரும் மாற்றி மாற்றி வருவது எதற்கென்று சந்தேகப்பட்டு, பெட்டிக்கு இரண்டாவது பூட்டு ஒன்றும் வாங்கினார்.

சைமன் என்ன கண்டான் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் பாட்டை இப்போதெல்லாம் மேடையில் அவன் வாசிப்பதில்லை. கேட்டால், கிட்டார் தந்தி சரியில்லை என்கிறான். ஸ்வீட்டியிடம் கேட்டேன்.

"மூணு மாசமாவா தந்தி சரியில்ல?" என்றாள். "நான் டெனரு பாத்தப்பவே அந்த மெட்ட பாத்துட்டேன். அவனா வந்து சொல்றானான்னு பாத்துக்கினு கீறேன்."

எந்தத் தாள் என்று அவள் எனக்கும் சொல்லவில்லை.